பிலோமினா கடையடியில் ஒரு நோன்பெழுத்து

"ஒரேயொரு பிழை விட்டுத் தாங்கோ, பிள்ளை" என்றார் பிலோமினாக்கா.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிபாஸின் அச்சகத்தில், காலை பத்து மணியளவில் அது நடந்தது. சுடச்சுட நாலு வடையைப் பேப்பரில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்டார். எண்ணெய் பேப்பரில் ஊறி, கீழே கிடந்த ஒரு கலியாண அழைப்பிதழின் மெய்ப்புக்கும் இறங்கியது. மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு மஞ்சள் வட்டம்.

வேலை பார்த்த காலம் முழுவதும் கொழும்பில் ஒரு நாளிதழில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வாரம் ஒருமுறை இந்தப் பத்தியை எழுதுகிறேன். காலையில் ரிபாஸின் கடையில் வந்து உட்கார்ந்து, அழைப்பிதழ்களிலும் மரண அறிவித்தல்களிலும் பிழை திருத்துகிறேன். என்னிடம் வந்து பிழை கேட்ட முதல் ஆள் பிலோமினாக்காதான்.

"எதில பிழை விடோணும், அக்கா?"

"குரூஸின்ர பேரில. ஒரு எழுத்துப் போதும். ஆரும் வாசிக்கேலாமல் வரோணும்."

"வாசிக்க ஏலாதெண்டால் ஒரு எழுத்துப் போதாது" என்றார் ரிபாஸ், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். கை மட்டும் வடைப் பக்கம் வந்தது.

பஸ் வைக்கிற பெயர்

எந்தக் குரூஸ், எந்தப் பேர் என்று சொல்வதற்கு முன், எங்கள் பஸ் தரிப்பிடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் ரோட்டில் தரிப்பிடங்களுக்குப் பெயர் வைப்பது அரசாங்கம் இல்லை. கொண்டக்டர்கள். ஒரு இடத்தில் கண்ணில் எது தட்டுப்படுகிறதோ அதோடு ஒரு 'அடி'யைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். வேப்பமரத்தடி. சங்கக் கடையடி. ஐஸ் பெக்டறியடி என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெக்டறியை நான் பார்த்ததில்லை, என்னைவிட மூத்தவர்களும் பார்த்ததில்லை. ஆனால் பஸ் இன்றும் அங்கே நிற்கிறது, மனிதர்கள் இறங்குகிறார்கள். ஒருமுறை வாயில் ஏறிய பெயர் இறங்குவதில்லை.

தோட்டவெளிக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பது பிலோமினா கடையடி. பிளேன்ரீ, பணிஸ், வடை விற்கும் சின்னத் தகரக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. நான் அவருடைய பெயரை அறிந்ததே பஸ்ஸில்தான். "பிலோமினா கடை, பிலோமினா கடை இறங்குறாக்கள் வாங்கோ" என்று கொண்டக்டர் கத்துவார். ரோட்டோரம் வடைச் சட்டிக்கு முன்னால் நிற்கும் அம்மா, தலையை நிமிர்த்தி ஒருமுறை பஸ்ஸைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்தத் தரிப்பிடத்தில் நிழல் இல்லை. மழைக்கு ஒதுங்கவும் வழி இல்லை. பல வருடம் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சுவிஸிலிருக்கும் அந்த ஊர்க்காரர் எமிலியான் குரூஸ், தான் ஒரு கொட்டகை கட்டித் தருகிறேன் என்றார். சீமெந்துச் சுவர், தகரக் கூரை, உட்கார நீள வாங்கு. ஒரேயொரு நிபந்தனை. தன் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு இனி 'குரூஸ் தரிப்பு' என்று பெயர் வர வேண்டும்.

பெயர்ப்பலகை வேலை ரிபாஸிடம் வந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வடை வந்தது.

என்ன நட்டம்?

"வரட்டுமே அக்கா. பேர் மாறினால் உங்களுக்கு என்ன? கடை அங்கதானே இருக்கும்" என்றேன்.

பிலோமினாக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் கீரியில இருந்து கலியாணம் கட்டி வந்தனான். வந்த நாளில இருந்து மரியானின்ர பெண்சாதி. பிறகு அந்தோனியின்ர தாய். இப்ப கடைக்காரம்மா. மனுசன் என்னை 'இஞ்சேர்' எண்டு கூப்பிடுவார். மகன் ரெலிபோனில 'அம்மா'. கோயில்ல சாமியாரும் 'அம்மா'தான். என்ர பேரைச் சொல்லி இந்த உலகத்தில கூப்பிடுறது அந்தப் பஸ் ஒண்டுதான், பிள்ளை."

ரிபாஸ் வடையைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் போகுது, வருகுது. அவ்வளவு தரமும் கூப்பிடுது. அந்தாள் சுவிஸில இருந்துகொண்டு அதையும் பறிக்கப் பாக்குது."

பெயரில் பிழை விட என்னால் முடியாது என்று சொன்னேன். அது உண்மை. கெட்ட பழக்கம்போலச் சில நல்ல பழக்கங்களும் விடுவதில்லை. ஆனால் வடையைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

"பிழை விடேலாது. ஆனால் எந்த எழுத்தில போடுறது எண்டு நாங்கள்தானே சொல்லுறது" என்றேன்.

ரிபாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே எழுத்து ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வடிவான முகம், வெறும் வயிறு

ரிபாஸின் கணினியில் அந்த எழுத்துக்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அவர் அதற்கு வைத்த பெயர் நோன்பெழுத்து.

"பாருங்க மிஸ், முகம் எவ்வளவு வடிவு. வயித்தில ஒண்டும் இல்ல. நோன்பு பிடிச்சிட்டு பெருநாள் உடுப்புப் போட்டு நிக்குது."

சரியான வர்ணனை. அந்த எழுத்துக்கு உடல் கிடையாது. மெல்லிய கோடு ஒன்று எழுத்தைச் சுற்றி ஓடும், உள்ளே வெறும் வெள்ளை. கோடு முடிகிற ஒவ்வொரு நுனியிலும், ஆங்கிலப் புத்தக எழுத்துகளுக்கு இருப்பதுபோல, சின்னப் பாதம் ஒன்று. எழுத்து அந்தப் பாதத்தை ஊன்றி நிற்கும். இடப்பக்கக் கோடு மயிரிழை. வலப்பக்கக் கோடு கொஞ்சம் தடிப்பு. அதனால் எங்கோ இடப்பக்கமிருந்து வெயில் விழுகிறதுபோல ஒரு தோற்றம். மிச்சமெல்லாம் ஏமாற்று.

எல்லாவற்றுக்கும் அது உதவாது. கையில் பிடித்து வாசிக்கும் பொருளுக்குத்தான் உதவும். கலியாண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், முதல்நன்மைச் சான்றிதழின் தலைப்பு, குருத்துவ வெள்ளிவிழா மலரின் அட்டை. மினுமினுப்பான காகிதம் வேண்டும், சுற்றிலும் தாராளமான வெளி வேண்டும், எழுத்து குறைந்தது ஒரு பெருவிரல் உயரம் வேண்டும். பக்கத்தில் தடித்த எழுத்து ஒன்று வந்து நின்றால் முகம் சுருங்கிப்போகும். மருந்துக் கடைக்கும் 'ஆபத்து' என்று எழுதும் இடத்துக்கும் அதைப் போடவே கூடாது.

ஏனென்றால், தள்ளி நின்றால் அது இல்லை. கை நீட்டும் தூரத்தில் கோடு தெரியும். முப்பது அடிக்கு அப்பால் உள் வெள்ளையும் வெளி வெள்ளையும் ஒன்றாகிவிடும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோட்டை மட்டும் மெல்லியதாக வைத்திருந்தால், பெரிய வெள்ளைதான் கிடைக்கும்.

கொழும்பில் ஒரு பாடம்

இந்த எழுத்தோடு எனக்குப் பழைய கணக்கொன்று உண்டு.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், கிறிஸ்மஸுக்கான நத்தார் மலரின் முகப்புத் தலைப்புக்கு இதேபோன்ற ஒரு எழுத்தைப் போட்டேன். மெய்ப்பில் தேவதை மாதிரி இருந்தது. எங்கள் காகிதமோ மை குடிக்கிற சாதி. இயந்திரம் ஓட ஓட மை பரவி, எழுத்துகளின் வயிறு மெல்ல மெல்ல நிரம்பியது. முதலில் வந்த பிரதிகளில் ஒல்லியாக இருந்த 'நத்தார்', கடைசியில் வந்த பிரதிகளில் கறுத்துக் கொழுத்திருந்தது.

ஆசிரியர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லை. பெருநாள் சாப்பாடு நல்லாத்தான் போட்டிருக்கிறியள்" என்றார்.

வெறும் வயிறுள்ள எழுத்தை நிரப்ப இந்த உலகம் காத்திருக்கிறது என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

கழுதை சாட்சியாக ஒரு பரிசோதனை

குரூஸின் குரல் செய்தி சுவிஸிலிருந்து வந்தது. "தங்கச்சி, கம்பீரமா இருக்கோணும். ஆனா நாகரிகமாவும் இருக்கோணும். கடைப் பேர்ப் போட் மாதிரிக் கறுப்பா, மொத்தமா வேண்டாம்."

கேட்டதைத்தான் கொடுத்தோம் என்று பிறகு சொல்லிக்கொள்ள இது போதுமாயிருந்தது.

மாதிரியை நீளமாக அச்சடித்து, அச்சகத்தின் வெள்ளை மதிலில் ஒட்டினோம். ரிபாஸ் அதைப் பார்த்தபடி மீன் சந்தைப் பக்கமாகப் பின்னோக்கி நடந்தார். நான் மதிலடியில் நின்றேன்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது. எமிலியான் குரூஸ்."

"இப்ப?"

"எமி மட்டும் தெரியுது."

"இன்னும் போங்கோ."

இன்னும் போனவர் ரோட்டு நடுவில் நின்றிருந்த கழுதையில் முதுகை முட்டிக்கொண்டார். கழுதை அசையவில்லை. ரிபாஸ் அதில் சாய்ந்துகொண்டே கண்ணைச் சுருக்கினார்.

"மிஸ், உங்களைத் தெரியுது. மதில் தெரியுது. வேற ஒண்டும் இல்ல."

மாதிரியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். கைபேசியை ஒரு அடி தூரத்தில் வைத்துத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். குரூஸ் உடனே பதில் அனுப்பினார். "அருமை. இதுதான் நான் தேடின எழுத்து. இன்னும் பெரிசாப் போடேலாதோ?"

முகப்பில் இடம் போதாது, உள்ளே வாங்குக்கு மேலே பின்சுவர் முழுவதும் போடலாம் என்று யோசனை சொன்னது நான். அது என் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

திறப்பு விழா

சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாட்களில் குரூஸ் நேரில் வந்தார். உயரமான, வெட்கமான மனிதர். குரல் செய்தியில் கேட்ட ஆளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நாடா வெட்டுவதற்கு முன்பே ஒரு கழுதை கொட்டகைக்குள் நிழலுக்குப் போய்விட்டது. அதை வெளியே எடுத்த பிறகுதான் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார்.

குரூஸ் தன் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலால் அந்தக் கோட்டின் மேல் ஒருமுறை தடவினார். "நல்ல வேலை" என்றார் என்னிடம். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ரோட்டின் மறுபக்கம் நின்ற பிலோமினாக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வெள்ளைச் சுவர். திருப்தியோடு கடைக்குள் போனார்.

கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொப்பிதான் கொண்டுவருவார்கள். குரூஸ் கொண்டுவந்தது மார்க்கர் பேனை. ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்குள் பன்னிரண்டு நிறம்.

பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நன்றி சொல்லும் அழகைக்கூட ரசித்தேன்.

அடுத்த நாள் குரூஸ் மன்னாரிலிருந்து பஸ்ஸில் ஏறினார். நானும் பேசாலைக்குப் போக அதே பஸ்ஸில் இருந்தேன். அவர் ஏன் முன் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும்.

"பிலோமினா கடை, பிலோமினா கடை" என்றார் கொண்டக்டர்.

"தம்பி, அதில பேர் போட்டிருக்கெல்லோ" என்றார் குரூஸ், மெதுவாக.

கொண்டக்டர் குனிந்து பார்த்தார். "எங்க அண்ணை? வெள்ளைச் சுவரெல்லோ."

குரூஸ் எழுந்து இறங்கினார். நான் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்ப்பதுபோல இருந்தேன். அந்தப் பக்கம் கடல் தெரியாது.

வாங்கில் ஏறினால் எட்டும்

அவர் சுவிஸுக்குத் திரும்பி இரண்டு கிழமை போயிருக்கும். ஒருநாள் பஸ் தோட்டவெளியை நெருங்கும்போது தூரத்தில் ஏதோ கோயில் கொடியேற்றம்போலத் தெரிந்தது. கிட்டப் போனதும் புரிந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். கையில் மார்க்கர். முன்னால் ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் எழுத்து. வாங்கில் ஏறினால் எட்டும்.

'எ' முழுச் சிவப்பு. 'மி'க்கு மேலே இருந்த வளைவில் மீன் செதில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். 'ரூ'வுக்குள் யாரோ ஒரு படகையும் ஓட்டியிருந்தார்கள். ஒரு இடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை. அவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள்.

எமிலியான் குரூஸ் இப்போது மன்னார்ப் பாலத்தில் நின்றாலும் தெரிவார் என்று தோன்றியது.

அந்தக் கிழமை அந்த வழிக்குப் புதுக் கொண்டக்டர் வந்திருந்தான். வவுனியாப் பொடியன். கண்ணில் பட்டதை வாசித்தான். "குரூஸ், குரூஸ் இறங்குறாக்கள்."

வடைச் சட்டிக்கு முன்னால் நின்றவர் நிமிரவில்லை.

அடுத்த நாள் காலை பிலோமினாக்கா அச்சகத்துக்கு வந்தார். வடை இல்லை.

"உங்கட எழுத்து நிறைஞ்சிட்டுது, பிள்ளை."

"ஓம் அக்கா. பாத்தனான்."

"அழிக்கேலாதோ?"

"அழியாத மை. அந்தாள் நல்ல பேனையாத்தான் குடுத்திட்டுது."

ரிபாஸ் மெதுவாகச் சொன்னார். "நோன்பு துறந்திட்டுது, மிஸ்."

நான் அவரை முறைத்தேன். பிலோமினாக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் மேசையிலிருந்த அழைப்பிதழ்களைப் புரட்டினார். ஒன்றில் அதே எழுத்து. அதன் வயிற்றில் விரலை வைத்தார்.

"எனக்கும் இதே எழுத்தில ஒரு பேர்ப் போட் அடிச்சுத் தாங்கோ."

"இதிலயோ? அக்கா, உங்களுக்குத் தடிச்ச எழுத்துத்தான் நல்லது. இது தூரத்துக்குத் தெரியாது."

"இப்ப தெரியாது. பிள்ளையள் வருங்கள்தானே."

எழுத்துகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இதற்கு முந்தைய வாரங்களில் இந்தப் பக்கத்தில் எங்காவது எழுதியிருந்தால், வாசகர்கள் அதை மறந்துவிட வேண்டும்.

"கடையின்ர பேர் என்னெண்டு போடுறது?" என்று கேட்டார் ரிபாஸ்.

"பிலோமினா."

"பிலோமினா கடை?"

"கடையெண்டது பாத்தால் தெரியும்தானே. பேர் மட்டும் போடுங்கோ."

"அளவு?"

"அந்தாள்ர அளவு" என்று எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "ஒரு விரல் கூட்டி."

போவதும் வருவதும்

பலகை கடையின் பக்கச் சுவரில், மன்னார்ப் பக்கம் பார்த்து ஏறியது. பெட்டி ஒன்றைக் கீழே போட்டு, ஏறி நிற்க வசதி செய்து கொடுத்தார் பிலோமினாக்கா. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் இப்போது கடையில்தான். பணிஸைக் கடித்துக்கொண்டு ஒரு கூட்டம் 'பி'யை நிரப்பியது. 'லோ' மூன்று துண்டு என்பதால் அதற்கு மூன்று அணிகள். 'மி' ஒரு கிழமைக்குள் முடிந்தது. கடைசி எழுத்தை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை.

அவர் அதை நிரப்பிய அன்று நான் அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். வடைச் சட்டியை இறக்கி வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். ஒரு பிள்ளையிடம் பச்சை மார்க்கர் வாங்கினார். 'னா'வின் முதல் சுழி நன்றாக வந்தது. இரண்டாவது சுழியில் கை வழுக்கி, பச்சை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்துவிட்டது.

"பிழைச்சுப் போச்சு" என்றார், திரும்பாமல். "திருத்தேலுமோ?"

"விடுங்கோ, அக்கா. இருக்கட்டும்."

அப்போது மன்னாரிலிருந்து பஸ் வந்தது. அந்தப் பக்கமிருந்து வரும்போது முதலில் கடை, பிறகுதான் கொட்டகை. வவுனியாப் பொடியன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, கண்ணில் முதலில் பட்டதை வாசித்தான். தலைமன்னாரிலிருந்து திரும்பி வரும்போது அவன் இன்றும் "குரூஸ்" என்றுதான் கத்துகிறான். ஒரே தரிப்பிடத்துக்குப் போகும்போது ஒரு பெயர், வரும்போது ஒரு பெயர். சுவிஸுக்கு அந்த இரண்டாவது பாதியை ரிபாஸ் பதிவு செய்து அனுப்பினார். குரூஸிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது.

ஆனால் அன்று அது போகிற பஸ்.

"பிலோமினா" என்று கத்தினான் பொடியன். "பிலோமினா, பிலோமினா!"

மார்க்கரைக் கையில் பிடித்தபடி அவர் திரும்பினார்.

"ஓம் தம்பி," என்றார். "இஞ்சதான் நிக்கிறன்."